உள்ளே ஒரு படம் – 14: நான்கு புள்ளிகள்

போன வாரம் அஷர் நோயில் நிறுத்தியிருந்தேன்: பிறவியிலேயே காது கேளாமை, வளர வளரப் பார்வையும் சுருங்குதல். பார்வை போனபின் மூளையின் பின்பகுதி என்ன ஆகிறது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது. ஆனால் பீர்க்கன்கரணையில் எங்கள் தெருத் தாய் ஒருவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "காதுதானே சார் கேக்கல, மூளைய எதுக்குப் படம் எடுக்கறாங்க?"

காதின் உட்புறத்திலிருந்து மூளைத்தண்டை நோக்கி ஒரு எலும்புக் குழாய் போகிறது. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். எம்.ஆர்.ஐ.யில் அதைக் குறுக்காகப் பார்த்தால், வெள்ளை வெளேரென்ற நீருக்கு நடுவே நான்கு கரும்புள்ளிகள். மேலே முன்புறம் முகநரம்பு. பின்புறம் மேலும் கீழுமாகச் சமநிலை நரம்புகள் இரண்டு. கீழே முன்புறம் செவிநரம்பு. காது கேளாத பிள்ளைக்கு உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி கொடுக்கும் மின்துடிப்பை மூளைக்குக் கொண்டுபோவது அந்த நான்காவது புள்ளிதான். அது இல்லாத குழந்தைக்கு இம்ப்ளான்ட் பெரும்பாலும் பலன் தராது. மூளைத்தண்டிலேயே கருவியைப் பொருத்த வேண்டிவரும். டாக்டர் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷனில் அந்த அறுவை சிகிச்சையும் நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இம்ப்ளான்ட் கிடைக்கிறது. அதற்கு முன் இந்தப் புள்ளியைத் தேடத்தான் ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஸ்கேன் சென்டர்களில் பெற்றோர் காத்திருக்கிறார்கள். பிள்ளை அசையாமல் இருக்க மயக்க மருந்து, அதற்காக வெறும் வயிறு. பசியில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. இம்ப்ளான்டுக்குள் காந்தம் இருக்கிறது. பொருத்தியபின் எம்.ஆர்.ஐ. எடுப்பது சிக்கல், எடுத்தாலும் அந்தப் பக்கம் நிழல் விழும். அஷர் உள்ள பிள்ளைக்கு அறுவைக்கு முந்தைய படமே மூளையின் தெளிவான கடைசிப் படமாகிவிடலாம். பத்திரமாக வையுங்கள்.

ஆனால் அந்தப் படம் அஷரைக் காட்டிக்கொடுக்காது. நான்கு புள்ளிகளும் சரியாக இருக்கும், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரும். காட்டிக்கொடுப்பது நடை. முதல் வகை அஷரில் சமநிலை உறுப்பும் வேலை செய்யாததால், பிள்ளை பெரும்பாலும் ஒன்றரை வயது தாண்டியும் நடக்காது. சொந்தத்தில் கல்யாணம் நூற்றுக்கு 28 என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் மாநிலம் நம்முடையது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பிழையான மரபணு வந்து சேர்ந்தால்தான் அஷர் வரும். அதனால் காது கேளாத பிள்ளை நடக்கத் தாமதித்தால் கண் டாக்டரிடம் போங்கள். விழித்திரையின் மின்னோட்டச் சோதனையையும் மரபணுச் சோதனையையும் பற்றிக் கேளுங்கள். பார்வை இருக்கும்போதே மொழி உள்ளே போய்ச் சேர வேண்டும். காது, கண் இரண்டும் குறைந்த பிள்ளைகளுக்கு உதவ முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையைத் தாண்டினால் போதும்.

மூளையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணிக்கு இந்த வாரம் இடமில்லை. பிரெய்லியை விரலால் தடவும்போது பார்வையற்றவர்களின் பார்வைப் பகுதி விழித்துக்கொள்வதை 1996இல் ஆய்வாளர் சதாதோவின் குழு படமெடுத்தது. அடுத்த வாரம் அங்கிருந்து.