கோழியினங்களும் அவற்றின் இலக்கணமும்

இலக்கியம் முன்னர்த் தோன்ற, அதனை ஆராய்ந்து இலக்கணம் பின்னர் வகுக்கப்படுதல் மொழியிடத்துக் காணப்படும் முறையாகும். கோழியினங்களுக்கும் இத்தகைய இலக்கணம் உண்டென்பதைப் பலர் அறியார். சேவலின் சூட்டில் எத்தனை கூர்கள் இருத்தல் வேண்டும், பேட்டின் நிறை யாது, கால் எந்நிறத்தது, முதுகு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பனவற்றை இனவிலக்கண நூல்கள் நுணுகிக் கூறும். ஆயினும், மொழியிலக்கணத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டில் எழுதப்பட்ட இலக்கியம் எழுதியவாறே நிற்கும். கோழியினமோ ஆண்டுதோறும் முட்டையினின்றும் புதிதாகப் பிறக்க வேண்டியது. சில தலைமுறைகள் தெரிவின்றி விடப்படின் பெயர் மட்டும் நிற்க இனம் கழிந்துபோம்.

இவ்விலக்கணம் எழுந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டம் சேவற்போரைத் தடைசெய்தது. போர்க்களத்திற் சென்ற ஆர்வம் நாளடைவிற் காட்சிக்கூடத்துக்குத் திரும்பிற்று. 1845இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிற் கோழிக்காட்சி நடைபெற்றது. 1849இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும் ஒரு பெருங்காட்சி கூடிற்று. ஒரே பறவையை ஒரு நடுவர் உயர்ந்ததென்றும் மற்றொருவர் இழிந்ததென்றும் தீர்ப்பின், பரிசு பூசலுக்கே வித்தாகும். ஆதலின் எழுதிவைத்த அளவுகோல் வேண்டப்பட்டது. இங்கிலாந்தில், டார்வினுக்குக் கோழி, புறா பற்றிய செய்திகளை உதவிய தெகெற்மையர் என்பார் பதிப்பித்த நூல் 1865இல் வெளிவந்தது. அமெரிக்கக் கோழிவளர்ப்போர் சங்கம் 1873இல் பவலோ நகரில் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டே தன் முதல் இனவிலக்கண நூலை வெளியிட்டது.

அமெரிக்க நூல் றோட் ஐலண்ட் றெட் என்னும் செங்கோழியினத்தை 1904இல் ஏற்றுக்கொண்டது. அந்நூலின்படி சேவல் 8½ இறாத்தலும் பேடு 6½ இறாத்தலும் நிறுத்தல் வேண்டும். உடல் நீள்சதுரக் கட்டைபோன்றது. முதுகு நிலத்துக்குச் சமாந்தரமானது. ஒற்றைச் சூட்டிற்குக் கூர்கள் ஐந்து. வெளியிறகில் முற்றும் வெள்ளையான ஓர் இறகு காணப்படினும் பறவை விலக்கப்படும். பிளிமத் றொக், வையண்டொற் முதலிய அமெரிக்க இனங்களுக்குக் கால் மஞ்சளாயிருத்தல் விதி. இம் மஞ்சள் நிறத்தின் பிறப்பிடம் வியப்புக்குரியது. வீட்டுக் கோழிகள் யாவும் செங்காட்டுக்கோழி ஒன்றினின்றே தோன்றின என்பது டார்வின் கொண்ட முடிபு. அது பெரிதும் உண்மையாயினும், மஞ்சள் தோலுக்குரிய பரம்பரையலகு தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அமெரிக்கப் பண்ணைகளில் இலக்கணமென வற்புறுத்தப்படும் மஞ்சட்காலின் மூலம் இந்நிலத்துக் காடுகளிற் கிடந்தது.

இலக்கணம் வகுத்தோர் பெரும்பாலும் கண்ணாற் கண்டதையே எழுதினர். பரம்பரை விதிகளை அவர்கள் அறியார். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்துமெனப் பேற்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1902இற் காட்டியது கோழிகளைக் கொண்டேயாம். அதன் பின்னரே, இலக்கணம் வேண்டுவதும் இயற்கை தருவதும் சிலவிடத்து முரணுதல் தெளிவாயிற்று. நீல அந்தலூசியன் இனம் இதற்கு எளிய சான்று. இலக்கணம் நீலமே வேண்டும் என்னும். ஆயினும் நீலத்தோடு நீலத்தைச் சேர்ப்பின் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதியே நீலம், காற்பங்கு கறுப்பு, எஞ்சிய காற்பங்கு நீலத்தெறிப்புடைய வெள்ளை. நீலம் இரு வேறு அலகுகள் கூடியவிடத்துத் தோன்றும் இடைநிறமாதலின், எத்துணைத் தலைமுறை தெரிந்தெடுப்பினும் அது நிலைபெறாது. காட்சிக்கு உதவா எனக் கழிக்கப்படும் கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் தம்முட் சேர்ப்பின் குஞ்சுகள் யாவும் நீலமாகும். கழிவென்று கருதப்பட்டனவே இலக்கணத்தைக் காப்பன.

கோடிட்ட பிளிமத் றொக்கின் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. அதன் வெண்கோடுகளுக்குரிய அலகு பால் நிறமூர்த்தத்தில் அமைந்தது. பறவைகளில் ஆணுக்கு அந்நிறமூர்த்தம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. எனவே சேவல் அவ்வலகை இருமடங்கு பெற்று வெளிறியும், பேடு ஒருமடங்கே பெற்றுக் கருமை மிக்கும் தோன்றும். காட்சியில் இரண்டும் ஒருநிறமாய் விளங்குதல் வேண்டும் என விரும்பியோர், நல்ல சேவல்களைத் தருவதற்கு ஒரு குடும்பமும் நல்ல பேடுகளைத் தருவதற்கு வேறொரு குடும்பமும் வைத்து வளர்த்தனர். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பாலே காட்சிக்குச் சென்றது. மறுபால் கூட்டினுள்ளே மறைந்திருந்தது. வெளிப்பார்வைக்கு ஓரினம், உண்மையில் இரண்டு. இவ்வழக்கத்தை இலக்கணத்தின் வெற்றி என்பதிலும் அதன் மயக்கம் என்பதே தகும்.

வையண்டொற் இனத்திலோ கேடு உயிர்ப்பையே தொடுகின்றது. அவ்வினத்துக்கு ரோசாச்சூடு விதி; ஒற்றைச்சூடு விலக்கு. ரோசாச்சூட்டின் அலகை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற சேவல்களுக்குக் கருவுறுத்தும் ஆற்றல் குறைவு என்பதை வளர்ப்போர் நெடுங்காலம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தலைகீழாய்த் திரும்பியதே சூட்டின் வடிவுக்குக் காரணம் என்பதும், அத்திருப்பம் விந்தணுக்களின் இயக்கத்துக்கு வேண்டிய வேறோர் அலகைச் சிதைத்தது என்பதும் 2012இல் வெளியான ஆய்வாற் புலனாயின. ஓரலகு மட்டும் பெற்ற சேவல்கள் மிகுதியான குஞ்சுகளைத் தருதலின், ஒற்றைச்சூட்டுக் குஞ்சுகள் தலைமுறைதோறும் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். ஒற்றைச்சூட்டை வேரறுக்க முயல்பவர் தம் கூட்டின் வளத்தையே அறுப்பவராவர். உடலமைப்பிற் சிறந்த ஒற்றைச்சூட்டுப் பறவை ஒன்றைக் காட்சிக்கு அனுப்பாது இனவிருத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

இவற்றினும் பெரிய இடர் வேறொன்று. நடுவரின் மேசைமேல் நிற்கும் பேடு ஆண்டுக்கு எத்தனை முட்டையிட்டது என்பதை இறகு சொல்லாது. பழைய பண்ணையாளர் இறகையும் முட்டையையும் இறைச்சியையும் ஒருங்கே நோக்கினர். 1948இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ என்னும் தேசியப் போட்டியிற் கோணிஷ், நியூ ஹாம்ஷயர் இனங்களின் கலப்பு வெற்றிபெற்றது. அதன்பின் வணிகப் பண்ணைகள் கலப்பினங்களை நாடின. தூய இனங்கள் ஒருபுறம் காட்சிக்காரர் கையிலும், மறுபுறம் குஞ்சு பொரிப்பகங்களின் கையிலும் எஞ்சின. முன்னவருட் பலர் நிறத்தைப் பேணி முட்டையை மறந்தனர். பின்னவருட் பலர் முட்டையைப் பேணி உருவத்தை மறந்தனர். அருகிவரும் கால்நடையினங்களைக் காக்க 1977இல் அமெரிக்காவில் அமைந்த அமைப்பு, 2009இல் மரபுக்கோழி எது என வரையறுத்தபோது இவ்விரு குறைகளையும் மனங்கொண்டது போலும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னர் இனவிலக்கணத்தில் ஏற்கப்பட்டிருத்தல், இயற்கையாற் புணர்ந்து பெருகுதல் என்பவற்றோடு, பேடு 5 முதல் 7 ஆண்டு வரை பயன்தருதலும், விற்பனை நிறையை 16 வாரத்துக்கு முன் எய்தாமையும் அவ்வரையறையில் இடம்பெற்றன.

இத்தகைய இனத்தைத் திருத்த முற்படுவோர் நிறத்திலே தொடங்குதல் தவறு. சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம். பறவையைக் கையில் எடுத்து, முதுகின் அகலமும் நெஞ்செலும்பின் நேர்மையும் நீளமும் காணல் வேண்டும். முட்டையிடும் பேட்டின் இடுப்பெலும்புகளுக்கு இடையே விரல்கள் எளிதிற் செல்கின்றனவா எனவும் நோக்கல் வேண்டும். எலும்பிற் குறையுள்ளதைச் சூடும் இறகும் ஈடுசெய்யா. கூனிய முதுகுடையதைக் குழிந்த முதுகுடையதோடு சேர்ப்பின் நேரான முதுகு பிறக்கும் என எண்ணுவோர் ஏமாறுவர். இரு குறையும் கலந்து பரவுமேயன்றி ஒன்றையொன்று அழிக்கமாட்டா. குறைக்கு மாற்று, அவ்வுறுப்பில் நிறைவுடைய பறவையே.

சிறிய கூட்டத்தில் நெருங்கிய உறவினுள்ளேயே சேர்த்துவரின் பொரிதிறனும் வலிமையும் தேயும். ஆதலின் அனுபவமுடையோர் கூட்டத்தை மூன்று குடும்பங்களாக வகுப்பர். பெண்குஞ்சுகள் தாயின் குடும்பத்திலேயே தங்கும். தெரிந்தெடுத்த சேவல்கள் அடுத்த குடும்பத்துக்குச் செல்லும். வெளியிரத்தம் புகுத்தாமலே இவ்வகையிற் பல்லாண்டு நடத்தலாம். சேவலை மாற்றியபின் மூன்று கிழமை வரை முட்டைகளை அடைவைத்தலாகாது. முந்தைய சேவலின் விந்து பேட்டினுள் அதுவரை தங்கியிருத்தல் கூடும்.

குஞ்சுப் பருவத்திற் கழிப்பன பல, வைத்துக்கொள்வன சில. விலக்குக்குரிய குறையுடையன முதலிற் செல்லும். வளர்ச்சி குன்றியன அடுத்து. இறகின் நிறம் பற்றிய தீர்ப்பு இறகு முற்றும் நிரம்பிய பின்னரே. முதலாண்டிலே மிகச் சிறந்ததெனத் தோன்றிய இளம்பேடு இரண்டாம் ஆண்டில் முட்டை குன்றி, நோய்க்கும் இடங்கொடுத்தல் உண்டு. அதுபற்றியே பொறுமையுடைய வளர்ப்போர், இரண்டாம் ஆண்டு இறகுதிர்வைக் கடந்து மீண்டும் நன்றாக முட்டையிட்ட பேடுகளின் முட்டைகளையே அடைவைப்பர்.