தாக்க வருபவரை நிறுத்துவது: துப்பாக்கிப் பயிற்சியும் தற்காப்புரிமையும்

தற்காப்புக்காகச் சுடுவதற்கு ஒரே நோக்கம்தான் உண்டு: தாக்க வருபவரை அந்தக் கணத்திலேயே நிறுத்துவது. சுட்டவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும், துப்பாக்கிப் பயிற்சியின் பாடங்களும் இந்த நோக்கத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஆனால், ஓடி வரும் மனித உடலை ஒரு குண்டு உடனே நிறுத்திவிடும் என்ற பொதுவான நம்பிக்கை பெரும்பாலும் தவறானது.

இந்தச் சிக்கல் பிரிட்டிஷ் இந்தியாவில்தான் பெரிதாகக் கவனிக்கப்பட்டது. 1895-இல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் போரில், பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் புதிய .303 துப்பாக்கிக் குண்டுகள் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறின. குண்டு பட்ட பிறகும் எதிரிகள் தொடர்ந்து முன்னேறி வந்தனர் என்று படையினர் முறையிட்டனர். அதற்கு விடையாக, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில், உடலுக்குள் விரியும் மென்முனைக் குண்டு உருவாக்கப்பட்டது. அது உண்டாக்கிய காயங்களின் கொடுமை எதிர்ப்பைக் கிளப்ப, 1899-இல் தி ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. ஊரின் பெயர் மட்டும் குண்டின் பெயராக நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளிடம் அமெரிக்கப் படை இதே அனுபவத்தைப் பெற்றது. .38 ரிவால்வர் போதவில்லை என்று கண்டு, 1904-இல் சோதனைகள் நடத்தி, 1911-இல் .45 பிஸ்டலுக்கு மாறியது.

குண்டு ஒருவரை மூன்று வழிகளில் நிறுத்தலாம். மூளையோ கழுத்துப் பகுதித் தண்டுவடமோ சிதைந்தால் உடல் உடனே செயலிழக்கும். இதயமோ பெரிய ரத்தக்குழாயோ கிழிந்தால் ரத்த இழப்பால் மயக்கம் வரும். ஆனால், இதயம் நின்றுபோனாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் 10 முதல் 15 விநாடிவரை ஒருவரை இயங்க வைக்கும். கத்தியோடு நெருங்கிவிட்டவருக்கு அந்த நேரமே அதிகம். மூன்றாவது வழி மனம். துப்பாக்கியைப் பார்த்ததும், வெடிச்சத்தம் கேட்டதும், வலி உறைத்ததும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். குடிபோதையிலோ வெறியிலோ இருப்பவரிடம் இதை நம்பியிருக்க முடியாது. குண்டு பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவது திரைப்படத்தில் மட்டுமே நடக்கும். சுடுபவரின் கையைப் பின்னுக்குத் தள்ளும் உந்தத்துக்கு மேல் குண்டிடம் வேறு உந்தம் கிடையாது.

1986 ஏப்ரல் 11-இல் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த மோதல் இதற்கு அதிகம் ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. கொள்ளையரில் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே கையைத் துளைத்து மார்புக்குள் ஒரு குண்டு பாய்ந்து, இதயத்தை எட்டாமல் நின்றது. அந்தக் காயத்தோடு அவர் தொடர்ந்து சுட்டார். இரண்டு அதிகாரிகள் இறந்தனர், ஐந்து பேர் காயமடைந்தனர். இதற்குப் பின்வந்த ஆய்வுகள், கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மாயச் சக்தி எதுவும் இல்லை, அது தொட்ட திசுவை மட்டுமே சிதைக்கிறது, ஆகவே குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் செல்கிறது என்பவையே முக்கியம் என்று எடுத்துக்காட்டின.

எங்கே படுகிறது என்பதைப் பயிற்சிதான் முடிவு செய்யும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நியூயார்க் காவல்துறையைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எளிமையைக் கலைக்கிறது. எதிராளியும் சுட்ட மோதல்களில் காவலர்களின் குறி 18 சதவீத அளவிலேயே பலித்தது. எதிராளி சுடாதபோதும் அது 30 சதவீதம்தான். பயிற்சி பெற்ற காவலர்களின் நிலை இது. பயத்தில் விரல்கள் மரத்து, பார்வை குறுகி, காது அடைத்துப்போகும் நேரத்தில், சுடுதளத்தில் பழகிய குறி அப்படியே கைக்கு வருவதில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வீரர் அசையாமல் நின்று 75 நிமிடத்தில் 60 முறை சுடுகிறார். அது மகத்தான திறமை. ஆனால் தற்காப்பு வேறு வகைத் தேர்வு.

அந்தத் தேர்வின் கால அளவை அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டுல்லர் 1983-இல் கணக்கிட்டுக் காட்டினார். கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம் பிடிக்கிறது. பெங்களூருவின் ஜீவனஹள்ளி போன்ற குடியிருப்புகளின் குறுக்குத் தெருக்களில் எதிர்வீட்டு வாசல் இதைவிடப் பெரிதாகத் தள்ளி இருப்பதில்லை. பெங்களூருச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஆயுதங்கள் லாங், மச்சு போன்ற நீண்ட அரிவாள்களே. ஆகவே 21 அடிக் கணக்கு இந்த நகரத்துக்கு அயலானதல்ல. சுடலாம் என்று அனுமதி தரும் எல்லைக்கோடாகப் பலர் இதைப் புரிந்துகொள்வது ஆபத்தான பிழை. விலகு, நகர், இடையில் ஒரு மேசையையோ வண்டியையோ கதவையோ கொண்டு வா என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

2013 நவம்பரில் பெங்களூரு கார்ப்பரேஷன் சர்க்கிள் அருகே ஏ.டி.எம். அறைக்குள் நுழைந்த ஒருவன், ஷட்டரை இறக்கிவிட்டு, வங்கி ஊழியரான ஒரு பெண்ணை மச்சால் வெட்டிய காட்சி நாட்டையே உலுக்கியது. அந்த மையத்தில் காவலாளி இல்லை. காவலாளி வைக்காத மையங்களை மூட வேண்டும் என்று மாநில அரசு வங்கிகளை நெருக்கியது. ஆனால் காவலாளியின் பயிற்சியைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இன் கீழ் வந்த மத்திய மாதிரி விதிகள் 20 வேலை நாட்களில் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. முன்னாள் படைவீரருக்கு 7 நாட்களில் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும். அல்சூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் இருக்கும் நகரத்தில், ஓய்வுபெற்ற தமிழ் வீரர்கள் பலரை வங்கி வாசலில் பார்ப்பது இயல்பு. இந்த விதிகளின் பாடத்திட்டத்தில் தற்காப்புரிமை இருக்கிறது. துப்பாக்கியைக் கையாளுவதோ விருப்பப் பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. தோளில் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்கு இது விருப்பப் பாடமாக இருக்கக் கூடாது.

தனிநபருக்கு உரிமம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பெங்களூரு நகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையருக்கு உரியது. ஜீவனஹள்ளிவாசி ஒருவரின் மனு அந்த அலுவலகத்துக்குத்தான் போகும். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான அச்சுறுத்தல் இருப்பதை அவர் காட்ட வேண்டும். 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை 5 ஆண்டாக நீட்டித்தது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. பாதுகாப்பாகக் கையாளுதல், எடுத்துச் செல்லுதல், சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைத்தல், சட்ட அறிமுகம் ஆகியவை அதில் அடங்கும். சுடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் பயிற்சி இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. கற்க வேண்டியவற்றிலேயே கடினமானது அதுதான். கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமை உடையவர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் அதை உறுதி செய்தது. அந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமே. சுடுவதற்கான சட்டம் அவர்களுக்கும் ஒன்றுதான்.

அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளே அங்கு இடம்பெயர்ந்தன. உயிர்போகும் அளவுக்குத் தற்காப்பை 38-ஆம் பிரிவு ஏழு சூழல்களில் அனுமதிக்கிறது. மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், வன்புணர்வு முயற்சி, கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவை அவற்றுள் அடங்கும். உடைமைக்காக 41-ஆம் பிரிவு தரும் இடம் குறுகலானது. கொள்ளை, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல் போன்றவற்றுக்கே அது பொருந்தும். பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுடுவதற்கு அதில் இடமில்லை. காவல்துறையை அழைக்க நேரம் இருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை என்கிறது 37-ஆம் பிரிவு. அச்சம் தொடங்கும்போது தொடங்கும் உரிமை, அச்சம் நீங்கும்போது முடிந்துவிடுகிறது என்கிறது 40-ஆம் பிரிவு.

இதன் இரு முனைகளையும் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. ஜெய்தேவ் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் நிலத்தகராறு துப்பாக்கிச் சூடாக முடிந்தது. ஆபத்து நீங்கிய பிறகு, ஓடியவர்களை நோக்கிச் சுட்டது தற்காப்பாகாது என்று 1962-இல் தண்டனை உறுதியானது. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கிலும் நிலத்தகராறுதான். தந்தையைக் கண்டாசா என்ற நீண்ட பிடி கொண்ட வெட்டாயுதத்தால் வெட்டியவரை மகன் தன் உரிமத் துப்பாக்கியால் சுட்டார். உயர்நீதிமன்றம் தண்டித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உயிர் ஊசலாடும் கணத்தில் எதிர்த்தாக்குதலைத் தராசில் நிறுத்து அளக்கச் சொல்ல முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அந்தச் சலுகை அந்தக் கணத்துக்கு மட்டுமே உரியது. எத்தனை தோட்டா என்பதைவிட, கடைசித் தோட்டா புறப்பட்டபோது ஆபத்து இருந்ததா என்பதே வழக்கைத் தீர்மானிக்கும்.

சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு: குறி தவறிய குண்டு எங்கே போகும்? மரக்கதவையும் தகரத்தையும் அது எளிதில் துளைக்கும். இரட்டைக்குழலின் சிதறுகுண்டுகள் தூரம் கூடக்கூட விரிந்துகொண்டே போகும். அப்பாவி ஒருவருக்கு ஆபத்து நேரும் வாய்ப்பு இருந்தாலும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் 44-ஆம் பிரிவு தற்காப்பை ஏற்கிறது. வேறு வழி உண்மையிலேயே இல்லாமல் இருந்ததா என்பதைப் பின்னர் நீதிமன்றம் நிதானமாக ஆராயும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்ற பாடத்தைப் பயிற்றுநர்கள் முதல் நாளே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெங்களூரில் காவலர்களைத் தாக்கியதாகச் சொல்லப்படும் ரவுடிகள் முழங்காலுக்குக் கீழே சுடப்பட்ட செய்திகள் தொடர்ந்து வருகின்றன. காலில் சுடுவது மென்மையான வழி என்று தோன்றலாம். ஓடுபவரின் கால் சிறிய, வேகமாக அசையும் இலக்கு. குறி சற்று மேலே போய்த் தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். தாக்கவும் ஓடவும் முயலும் ஒருவருக்குத் துல்லியமாக முழங்காலுக்குக் கீழேயே திரும்பத் திரும்பக் குண்டு படுவது கேள்விக்குரியது. காவல்துறையினர் சுடும் சம்பவங்கள் குறித்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தந்த வழிகாட்டுதல்கள் மரணத்துக்கு மட்டுமின்றிக் கொடுங்காயத்துக்கும் பொருந்தும். முதல் தகவல் அறிக்கை, வேறு பிரிவின் தனி விசாரணை, சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைத்தல் ஆகியவை அவற்றில் சில.

தனிநபர் சுட்டாலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். உடனே 112-ஐ அழைத்து, காயமடைந்தவருக்கு ஆம்புலன்ஸ் கேட்டு, துப்பாக்கியை மேலும் தொடாமல் வைத்து, இருந்தபடியே காவல்துறையிடம் கொடுக்க வேண்டும். கிடக்கும் தோட்டா உறைகளை நகர்த்தக் கூடாது. சுட்ட இடமும் கோணமும் சொல்லும் சாட்சி அவற்றில்தான் இருக்கிறது. தற்காப்பு என்பதைக் காட்டும் பொறுப்பு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவின்படி சுட்டவரைச் சேர்ந்தது. அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி அவர் நிறுவ வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது இதுவே என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் போதும்.