முன்னோர் பெயரில் ஒரு மாதர் சங்கம்

மாதர் சங்கம் நமக்குப் புதிதல்ல. மரண வீட்டுக்குப் பணம் சேர்ப்பது, திருவிழாவுக்குச் சமைப்பது, பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பது என்று தோட்டத்துப் பெண்கள் கூடிச் செய்கிற வேலைகள் பல. இம்முறை நாம் சொல்லப்போவது, அமெரிக்காவில் 130 வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு மாதர் சங்கத்தின் வரலாறு. 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்பது அதன் பெயர். அதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வோம்.

ஆரம்பித்தது எப்படி?

பிரித்தானியரின் ஆட்சி வேண்டாம் என்று அமெரிக்கர்கள் 1776ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அந்தப் போரில் பங்குகொண்டவர்களின் வம்சத்து ஆண்கள் 1889இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த வருடமே, பெண்களுக்கு அதில் இடமில்லை என்று முடிவுசெய்தார்கள். "போர்க்காலத்தில் பெண்கள் பட்ட பாடு கணக்கில் இல்லையா?" என்பதுதான் பெண்களின் கேள்வி. மேரி லொக்வூட் என்ற பெண்மணி, அந்தக் காலத்தில் துணிந்து நின்ற ஹனா ஆர்னெட் என்ற குடும்பப் பெண்ணின் கதையைப் பத்திரிகைக்கு எழுதினார். 1890 ஒக்டோபர் 11ஆம் திகதி வொஷிங்டன் நகரில் பெண்களே தனிச் சங்கம் தொடங்கினார்கள். அன்றைய ஜனாதிபதியின் மனைவி கரோலின் ஹரிசன் முதல் தலைவி.

சேர்வதற்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். முன்னோர் ஒருவர் அந்தப் போராட்டத்துக்கு உதவியவர் என்பதைப் பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளைக் காட்டி நிரூபிக்க வேண்டும்.

செய்த சேவை

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை மூண்டது. குண்டுபட்டு இறந்த சிப்பாய்களைவிட நெருப்புக்காய்ச்சல் போன்ற நோய்களால் இறந்தவர்களே அதிகம். அப்போது இராணுவத்துக்குத் தாதிமாரைத் தெரிந்தெடுத்து அனுப்பும் பொறுப்பைச் சங்கம் ஏற்றது. டொக்டர் அனிட்டா மக்கீ என்ற பெண் வைத்தியர் முன்னின்று நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாதிமார் போனார்கள். இதன் பயனாக 1901இல் இராணுவத்தில் நிரந்தரத் தாதியர் பிரிவே உண்டாயிற்று.

பிறகு, மலைப்பகுதிப் பிள்ளைகளுக்காகத் தென் கரோலினாவில் 1919இலும் அலபாமாவில் 1924இலும் சங்கம் பாடசாலைகளைத் திறந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பிரஜாவுரிமை பெற உதவியாக, பல மொழிகளில் கைநூல் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது.

ஒரு கறை

இவ்வளவு செய்த சங்கம்தான் 1939இல் தலைகுனிய நேர்ந்தது. மரியன் அண்டர்சன் உலகப் புகழ்பெற்ற பாடகி, கறுப்பினப் பெண். சங்கத்துக்குச் சொந்தமான பெரிய மண்டபத்தில் அவர் பாட இடம் கேட்டபோது, கொடுக்க மறுத்துவிட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்பது அங்கே விதியாக இருந்தது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் உடனே சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9ஆம் திகதி லிங்கன் நினைவு மண்டபத்தின் படியில் நின்று அண்டர்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர்! 1943இல் அதே சங்கம் அவரை அழைத்து, போர் நிவாரண நிதிக்காகத் தன் மண்டபத்தில் பாட வைத்தது.

ஆனாலும் அங்கத்துவம் லேசில் கிடைக்கவில்லை. அறியப்பட்ட முதல் கறுப்பின அங்கத்தவர் சேர்ந்தது 1977இல்தான். 1980களில் இன்னொரு கறுப்பினப் பெண், எல்லா அத்தாட்சியும் கையில் இருந்தும், உள்ளூர்க் கிளையில் சேரப் போராட வேண்டியிருந்தது. அதன் பிறகே நிறம் பார்க்கக்கூடாது என்று சங்கம் விதியை எழுதிவைத்தது. சுதந்திரப் போரில் உதவிய கறுப்பினத்தவர், பழங்குடியினர் 6,600க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தேடியெடுத்து 2008இல் புத்தகமாகவும் போட்டது.

நமக்கு என்ன?

"உனக்கு இடமில்லை" என்று சொல்லப்பட்டதால் பிறந்த சங்கம், அதே சொல்லை இன்னொரு பெண்ணிடம் சொன்னது. எத்தனை தர்மம் செய்தாலும் அந்தக் குறை மறையவில்லை. அதைத் திருத்தப் பல வருடம் பிடித்தது. ஆகவே தாய்மாரே, அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நம்ம லயத்தில் எந்த வீட்டுப் பெண் இன்னும் சங்கத்துக்கு வரவில்லை? ஏன் வரவில்லை? ஒருதடவை போய்க் கூப்பிட்டுப் பாருங்களேன்.