கம்பியில் முளைத்த பால்மரங்கள்



ஒரு அங்குல உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து, விதிப்படி நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு விதிகள் வகுத்துப் புத்தகம் வெளியிட்டார். என் மாணவர்கள் சிலருக்கும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது.

"நம் நாட்டுப் போரையே ஆடுங்களேன்" என்று சிலிம் ரிவர் போரைச் சொன்னேன். 1942 ஜனவரி 7-ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே பாய்ந்து, பிரிட்டிஷ் இந்தியப் படையின் அரண்களை உடைத்த இடம் அது. சாலையோரமெங்கும் காடும் ரப்பர் தோட்டமுமாக இருந்தது. ஆகவே மேசைக்கு மரங்கள் வேண்டும். கடையில் விற்பவையோ குளிர்நாட்டு மரங்கள். விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது. நாமே செய்தோம். நீங்களும் செய்யலாம்.

சிப்பாய் 72-இல் ஒரு பங்கு என்றால், 6 அடி 1 அங்குலமாகிறது. 60 அடி மரத்துக்கு 10 அங்குலம் வேண்டும். ஆனால் சிப்பாயை நகர்த்தக் கை நுழைய வேண்டுமே! 6 அங்குலம் போதும்.

கழித்துப்போட்ட தொலைபேசி வடத்தின் உள்ளே மெல்லிய வண்ணக் கம்பிகள் இருக்கும். 8 அங்குல நீளத்தில் 12 கம்பிகளை வெட்டிக்கொள்ளுங்கள். மேலுறையை உரிக்க வேண்டாம். நெருப்பில் காட்டவே கூடாது, அந்தப் புகை நஞ்சு. கீழே 1 அங்குலம் விட்டு, அடுத்த 3 அங்குலத்தை முறுக்கினால் அடிமரம். மேலே உள்ளதை நான்கு நான்காகப் பிரித்து முறுக்குங்கள், பிறகு இரண்டிரண்டாக, நுனியில் ஒற்றைக் கம்பி. கீழே விட்டதை வேர்போல் விரித்து அட்டையில் ஒட்டுங்கள். கம்பி நுனி கண்ணில் குத்தாதபடி மடக்கிவிடுங்கள்.

மெல்லிய தாளை வெள்ளைப் பசையில் நனைத்து அடிமரத்தில் சுற்றுங்கள். காய்ந்ததும் சாம்பல் கலந்த பழுப்பு வண்ணம் பூசுங்கள். மரத்தூளைச் சலித்து, பச்சை வண்ண நீரில் பிசைந்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். கிளைகளில் பசை தடவி அதைத் தூவினால் இலை தயார்.

பிள்ளைகள் ஊசியால் பட்டையில் வெட்டுக்கோடும் கீறினார்கள். ஒரு மாணவனின் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். மரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படி வெட்டினா தண்டல் வுடுவாரா? கோடு இடது பக்கம் ஒசந்து, வலது பக்கம் எறங்கணும்யா" என்றார். உண்மைதான். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே எதிர்ச்சாய்வாக ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாகக் கிடைக்கும்.

பிறகு பாட்டியே அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். ஒரு கொத்தமல்லி விதையை இரண்டாகப் பிளந்தார். இரண்டு பால் மங்குகள்! அளவில் சற்றுப் பெரிதுதான், ஆனால் அச்சு அசல். மரங்களை நிரை பிடித்து நடவும் அவரே காட்டினார். நிரையோடு பார்த்தால் தூரம் தெரியும். குறுக்கே மரம் மறைக்கும். விளையாட்டில் பதுங்க அந்த அறிவே உதவியது.

"இது சண்டை நடந்த தோட்டமா?" என்று கேட்டவர், தாம் பிறக்குமுன் சயாம் ரயில் வேலைக்குப் போன தம் பெரியப்பா திரும்பி வராததைச் சொன்னார். பேரன் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான். பொம்மைச் சிப்பாயைக் கையில் வைத்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். பால்வெட்டைப் பார்த்தே அறியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆகவே பெற்றோர்களே, மரம் செய்ய உட்காரும்போது வீட்டுப் பெரியவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கம்பியும் மரத்தூளும் எங்கும் கிடைக்கும். வெட்டுக்கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.