வயதா, தொப்பையா? ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது ஏன்

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் உள்ள லேடிக் செல்களில் உருவாகிறது. அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். ஆரோக்கியமான இளைஞரின் உடல் ஒரு நாளைக்கு 5 முதல் 7 மில்லிகிராம் வரைதான் இதைத் தயாரிக்கிறது. பருவ வயதில் குரல் உடைவது, மீசை அரும்புவது, தோள் அகல்வது எல்லாம் இந்தச் சிறு அளவின் வேலை. வளர்ந்த பிறகும் அதன் பணி ஓய்வதில்லை. பாலுணர்வு, விந்தணு உற்பத்தி, தசை வலு, எலும்பின் அடர்த்தி, இரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்துக்கும் அது வேண்டும்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை விரைகள் தாமாக முடிவு செய்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோன் இரத்தத்தின் வழியே லேடிக் செல்களை அடைந்து அவற்றை வேலை வாங்குகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவுக்கு உயர்ந்ததும் மூளை சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது. மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பது போன்ற ஏற்பாடு இது.

சுரந்த ஹார்மோன் முழுவதும் உடனே பயன்படுவதில்லை. அதில் ஒரு பெரும் பங்கை எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்னொரு பங்கு ஆல்புமினுடன் தளர்வாக ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. எதனுடனும் சேராமல் தனித்துத் திரிவது சுமார் 2 சதவீதம் மட்டுமே.

டெஸ்டோஸ்டிரோனின் எல்லா வேலைகளையும் டெஸ்டோஸ்டிரோனே செய்வதும் இல்லை. புராஸ்டேட், தோல், மயிர்க்கால் ஆகிய இடங்களில் அது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. பரம்பரை வழுக்கைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் பின்னால் இருப்பது இந்த வடிவம். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதியோ டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடையாலாக, அதாவது ‘பெண் ஹார்மோன்’ என்று பெயர் வாங்கிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் உடலுக்கு இது தேவையற்ற கழிவு என்று நெடுநாள் கருதப்பட்டது. 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை அந்த எண்ணத்தை மாற்றியது. ஈஸ்ட்ரோஜனை உணரும் திறனே இல்லாமல் பிறந்த 28 வயது ஆண் ஒருவரைப் பற்றியது அது. அவருடைய டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறையில்லை. ஆனால் எலும்பு முனைகள் இன்னும் மூடாததால் அவர் ஆறரை அடியைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்புகளோ அடர்த்தி குன்றியிருந்தன. 2013இல் அமெரிக்காவில் சுமார் 400 ஆண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவான விடை தந்தது. தசையின் அளவும் வலுவும் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்தவை. உடலில் கொழுப்பு சேர்வது எஸ்ட்ராடையால் குறைவதால். பாலுணர்வுக்கு இரண்டும் வேண்டும். ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஆகாது என்று சொல்லி அதை ‘அடக்க’ விற்கப்படும் மாத்திரைகளை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கு ஒரு கட்டத்தில் சுரப்பு நின்றுபோவதில்லை. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் மெதுவாக இறங்குகிறது. லேடிக் செல்கள் எல்.எச்.சின் கட்டளைக்கு முன்போல ஈடுகொடுப்பதில்லை. கூடவே எஸ்.எச்.பி.ஜி. புரதம் வயதோடு உயர்வதால், தனித்துத் திரியும் பங்கு மொத்த அளவைவிட வேகமாகக் குறைகிறது.

இந்தச் சரிவு எத்தனை பேருக்கு நோயாகிறது? ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவு பலருக்கு வியப்பளித்தது. களைப்பு, தூக்கமின்மை, எரிச்சல் என்று நடுவயதில் சொல்லப்படும் பெரும்பாலான தொல்லைகளுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. பாலுணர்வு குறைதல், விறைப்புக் குறைதல், காலை விறைப்பு அரிதாதல் என்ற மூன்றுதான் ஹார்மோன் குறைவோடு சேர்ந்து வந்தன. அந்த மூன்றும் இருந்து, இரத்த அளவும் குறைந்திருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே.

அதே ஆய்வு வயதைவிடப் பெரிய காரணம் ஒன்றையும் காட்டியது: உடல் பருமன். கொழுப்பு கூடினால் எஸ்.எச்.பி.ஜி. குறைந்து மொத்த அளவு இறங்குகிறது. மூளையிலிருந்து வரும் சமிக்ஞையும் மந்தமாகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு மேலும் சேர்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களிடம் இந்தக் குறைவு மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், எடை குறைந்தால் அளவு தானாக ஏறுகிறது. வயதால் வந்த சரிவை அப்படித் திருப்ப முடியாது. தூக்கமும் முக்கியம். ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்த இளைஞர்களின் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியதை 2011இல் சிகாகோ ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் ஓபியாய்டு வலிமருந்துகளும்கூட அளவைக் குறைக்கும்.

காலையில் உச்சத்தில் இருக்கும் சுரப்பு மாலைக்குள் இறங்கிவிடும். ஆகையால் மாலையில் லேபுக்குப் போய் ஒருமுறை எடுத்த இரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. காலையில், இரு வேறு நாட்களில் எடுத்த பரிசோதனைகள் தேவை. இரண்டிலும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம்.

இழந்த வீரியத்தை மீட்கும் ஆசை பழையது. 1889இல் 72 வயதான பிரெஞ்சு உடலியலாளர் பிரவுன்-செக்வார்ட், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பே மிகக் குறைவு. நம்பிக்கைதான் வேலை செய்தது. நம் ஊர்ச் சிட்டுக்குருவி லேகியமும் இந்த ரகம்தான். உண்மையான டெஸ்டோஸ்டிரோன் 1935இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதைச் செயற்கையாகவும் தயாரித்த புடெனாண்ட், ருசிச்கா ஆகிய இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அது ஊசியாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் வருகிறது. அளவு உண்மையிலேயே குறைந்த, 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களுக்கு ஓராண்டு ஜெல் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. பாலுணர்வு ஓரளவு கூடியது. சோர்வு நீங்கி உற்சாகம் பெருகும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மாரடைப்பு பற்றிய பழைய அச்சத்தை 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் பெருமளவு தணித்தது. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் ஹார்மோன் எடுத்தவர்களிடம் சற்று அதிகம். சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிப்பதும் உண்டு என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனை அவசியம். பிட்யூட்டரிக் கோளாறு, விரைப் பாதிப்பு போன்ற தெளிவான காரணம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து வாழ்க்கையையே மாற்றும். வெறும் வயதுக்காக எடுப்பவருக்குக் கிடைப்பது சொற்பம்.

ஜிம்மில் தசை ஏற்றுவதற்காக ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும் மூளை தன் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது, விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி நின்றேபோகலாம். ஊசியை விட்ட பிறகு அது மீள மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடவே கூடாது.