காற்றுத் துப்பாக்கியும் கை நோவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாக்குவெட்டியும் ஏற்றமும் கடப்பாரையும் நாம் நாள்தோறும் கண்டு பழகியவை. மூன்றும் நெம்புகோல்களே என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தேர்வுத் தாளில் படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அந்தப் பாடம் ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு உதவக்கூடும் என்பதைக் கொடைக்கானல் ஏரிக்கரையில்தான் அறிந்தேன். அதனை என் உடன் பயிலும் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடையும் கருவியும்

1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் துரையின் முயற்சியால் உருவான ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி, மிதிவண்டி, வேகவைத்த சோளம் என்று பல தொழில்கள் நடக்கின்றன. பலூன் சுடும் கடையும் அவற்றுள் ஒன்று. என் சித்தி அத்தகைய கடை ஒன்றை நடத்துகிறார். எங்கள் இரு வீடுகளிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே கோடை விடுமுறையில் கடையில் உதவி செய்யச் சென்றால், "படிச்ச பிள்ளை வந்திருக்கு" என்று எல்லாச் சிக்கல்களும் என்னிடம் வந்துவிடும்.

கடையில் இரண்டு நீளத் துப்பாக்கிகளும், விலை குறைந்த கைத்துப்பாக்கி ஒன்றும் உள்ளன. நீளத் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்க இயலாத பெண்களும் வளர்ந்த சிறுவர்களும் கைத்துப்பாக்கியையே கேட்பார்கள். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் அதன் குழலை மடக்கி உள்ளிருக்கும் சுருள்வில்லை இறுக்க வேண்டும். அதைச் செய்பவர் சித்திதான். கூட்டம் மிகுந்த நாளில் 200 முறை மடக்குவார். மாலையில் மணிக்கட்டு வீங்கிவிடும். "டேய் தம்பி, இதை வித்துட்டா அரைக் கூட்டம் போயிடும். வச்சிருந்தா என் கை போயிடும். நீதான் ஒரு வழி சொல்லணும்" என்றார்.

உள்ளே நடப்பது என்ன?

இவ்வகைத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலைக் கீழ்நோக்கி மடக்கும்போது அதனோடு இணைந்த தண்டு ஒன்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனின் பின்னால் உள்ள சுருள்வில் நசுங்குகிறது. முழுவதும் நசுங்கியதும் ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ள, 'டிக்' என்ற ஒலி கேட்கும். பின்னர் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டைக் குழலின் பின்வாயில் வைத்துக் குழலை நிமிர்த்துகிறோம். ட்ரிக்கரை இழுத்ததும் கொக்கி விடுபடுகிறது. சுருள்வில் விரிந்து பிஸ்டனை முன்னே செலுத்துகிறது. நெருக்குண்ட காற்று குண்டை வெளியே தள்ளுகிறது. சுருள்வில் எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் எதிர்ப்பும் மிகும் என்ற ஹூக் விதியை நாம் அறிவோம். மடக்கும்போது கடைசிப் பகுதியில் கை திணறுவதன் காரணம் அதுவே.

அளந்து பார்த்தேன்

காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, குழலின் கீலிலிருந்து 15 செ.மீ. தொலைவில், அதாவது சித்தி பிடிக்கும் இடத்தில், மாட்டி இழுத்தேன். முள் காட்டிய உச்ச அளவு 12 கிலோ. திருப்புத்திறன் என்பது விசையையும் கீலிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிய தொகை. ஆகவே இங்கு அது 12 × 15 = 180 கிலோ-செ.மீ. சுருள்வில்லுக்குத் தேவையான இந்த 180 என்ற எண்ணை நாம் மாற்ற முடியாது. ஆனால் அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது நம் கையில் உள்ளது. தூரத்தை 30 செ.மீ. ஆக்கினால் 6 கிலோ விசையே போதும்.

இதற்கு வேண்டியது ஓர் அலுமினியக் குழாய்த் துண்டுதான். நீளம் 24 செ.மீ. குழலின் மேல் இறுக்கமாக 8 செ.மீ. செருகும். குழல் கீலிலிருந்து 18 செ.மீ. நீளமிருப்பதால், குழாயின் முனை 34 செ.மீ. தொலைவில் நிற்கும். உள்ளங்கை 30 செ.மீ. தொலைவில் அமையும். குறிபார்க்கும் முள் இடிக்காதிருக்க ஒரு நீளப் பிளவு அறுத்தேன். உலோகம் உரசாதிருக்க உள்ளே பழைய சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டினேன். கைப்பிடிக்குத் துணி சுற்றினேன்.

உழைப்பு குறைந்ததா?

குறையவில்லை என்பதே இயற்பியல் தரும் விடை. குழல் ஏறத்தாழ 100 பாகை திரும்புகிறது. முன்பு கை கடந்த வில் வடிவப் பாதை 26 செ.மீ. இப்போது 52 செ.மீ. சராசரி விசை உச்ச விசையில் பாதி என்று கொண்டால், முன்பு 6 கிலோ எடை, அதாவது 59 நியூட்டன். அதை 0.26 மீட்டரால் பெருக்கினால் 15 ஜூல். இப்போது விசை பாதி, தூரம் இரு மடங்கு. பெருக்கினால் அதே 15 ஜூல்தான்.

200 முறைக்கு 3,000 ஜூல், அதாவது ஒரு கிலோ கலோரிக்கும் குறைவு. ஒரே ஒரு வேர்க்கடலைப் பருப்பில் இதைவிட அதிக ஆற்றல் அடங்கியிருக்கிறது! ஆகவே சித்தியின் கையை நோகடித்தது மொத்த உழைப்பு அன்று. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் ஒரு கணம் விழுந்த 12 கிலோ உச்ச விசையே. நெம்புகோல் ஆற்றலை மிச்சப்படுத்துவதில்லை, தசையை மிச்சப்படுத்துகிறது. இந்த வேறுபாடு வகுப்பில் எனக்குத் தெளிவாகாமல் இருந்தது, கடையில் தெளிவாயிற்று.

இன்னொரு கணக்கும் சுவையானது. அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால் அதன் இயக்க ஆற்றல் 2.5 ஜூல். நாம் செலவிட்டது 15. எஞ்சியவை உராய்விலும், காற்றின் வெப்பத்திலும், கையில் உணரும் அதிர்விலும், ஒலியிலும் கழிகின்றன.

செய்யக்கூடாதவை

மடக்குவது எளிதாகட்டும் என்று சிலர் சுருள்வில்லில் இரண்டு சுற்றை வெட்டிவிடுவதுண்டு. அதனால் துப்பாக்கியின் ஆற்றல் குறையும். வெட்டிய முனை பிஸ்டனைக் கீறும். மேலும் சுருள்வில் உள்ளே நசுங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டிருப்பதால், திறக்கும்போது பாய்ந்து முகத்தைத் தாக்கலாம். கொக்கியை அரத்தால் தேய்ப்பது அதனினும் கேடு. தொட்டாலே சுட்டுவிடும்.

எண்ணெய் விடுவதிலும் எச்சரிக்கை தேவை. பிஸ்டன் முன்னே பாயும்போது காற்று திடீரென நெருக்குண்டு மிகவும் சூடாகிறது. அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் போலவே தீப்பற்றும். கீலுக்கும் தண்டுக்கும் மட்டும் சிறிது கிரீஸ் போதும். மலைக் குளிரில் கிரீஸ் இறுகும் என்பதால் காலையில் மடக்குவது சற்றுக் கடினமாகவே இருக்கும்.

கொடைக்கானலின் உயரமும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 77 விழுக்காடு அளவே. பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை போல் நிற்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. ஆகவே குண்டு வைக்காமல் வெறுமனே சுடுவது எங்கும் தவறு. இங்கே இன்னும் தவறு. பிஸ்டன் உருளையின் முகப்பில் மோதிச் சிதையும்.

பாதுகாப்பு

நீண்ட பிடியால் ஓர் ஆபத்தும் உண்டு. 'டிக்' ஒலி கேட்ட பின்னும் அழுத்தினால் கீல் வளைந்துவிடும். ஒலி கேட்டதும் நிறுத்த வேண்டும். குண்டை வைத்து முடிக்கும்வரை மற்றொரு கை குழாயை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் குழல் விருட்டென நிமிர்ந்து விரலை நசுக்கும். சுடுவதற்கு முன் குழாயைக் கழற்றியாக வேண்டும். மறவாதிருக்க, அதை ஒரு முழக் கயிற்றால் மேசைக் காலில் கட்டிவிட்டோம். கழற்றாமல் துப்பாக்கியை வாடிக்கையாளரிடம் நீட்டவே முடியாது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். நாம் செய்த மாற்றம் குண்டின் ஆற்றலை இம்மியும் கூட்டுவதில்லை. ஆயினும் இது விளையாட்டுப் பொருள் அன்று. கண்ணைப் பறிக்க 2.5 ஜூல் போதும். பழனி மலைத்தொடரின் ஒரு பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். பலூனைத் தவிர வேறெதையும் குறிபார்க்கக் கூடாது என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

முடிவுரை

10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிப் பிரிவிலும், சரப்ஜோத் சிங்குடன் கலப்புப் பிரிவிலும் வெண்கலம் வென்றார். அத்தகைய வீரர்களின் துப்பாக்கிகளில் முன்னரே அழுத்திய காற்று உருளையில் அடைக்கப்பட்டிருக்கும். மடக்கும் தொல்லை இல்லை. அவற்றை வாங்கும் வசதி ஏரிக்கரைக் கடைகளுக்கு இல்லை. ஓர் அலுமினியக் குழாய் வாங்கும் வசதி உண்டு.

இப்போது சித்தியின் மணிக்கட்டு மாலையில் வீங்குவதில்லை. கைத்துப்பாக்கியை விற்கும் பேச்சும் நின்றுவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் அதே அளவில் ஒரு குழாய் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அவருடைய துப்பாக்கியின் குழல் நீளம் வேறு. ஆகவே முதலில் தராசை மாட்டி அளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.