மறக்கப்பட்ட பிளாட்டீயா

கிரேக்க சரித்திரம் என்றதும் ஆதென்ஸையும் ஸ்பார்ட்டாவையுமே நினைத்துப் பழகிவிட்ட நாம், கி.மு. 490-இல் மாரத்தான் யுத்தகளத்தில் ஆதென்ஸுக்குத் துணையாக வந்து நின்ற ஒரே நகரம் சின்னஞ்சிறு பிளாட்டீயாதான் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

கி.மு. 429-இல், ஆதென்ஸுடன் யுத்தத்தில் இருந்த ஸ்பார்ட்டாவின் சேனை அந்நகரை முற்றுகையிட்டுச் சுற்றிலும் இரட்டைச் சுவர் எழுப்பிவிட, உள்ளே அகப்பட்டவர்களில் 212 பேர், சுவரில் பூச்சு விடுபட்டிருந்த ஓரிடத்தில் செங்கல் வரிசைகளைப் பலமுறை எண்ணி, அந்த உயரத்துக்கே ஏணிகள் செய்து, மழையும் காற்றும் கலந்த நிலவற்ற இரவொன்றில், சேற்றில் வழுக்காதிருக்க இடக்காலில் மட்டும் பாதரட்சை அணிந்து தப்பிச் சென்றனர். எஞ்சியோர் பசியால் கி.மு. 427-இல் சரணடைந்தனர், இந்த யுத்தத்தில் ஸ்பார்ட்டாவுக்கு என்ன உபகாரம் செய்தாய் என்ற ஒரே கேள்விக்கு விடையில்லாத ஒவ்வொருவனும் கொல்லப்பட்டான். இதற்கு விசாரணை என்று பெயர்! உதவுவதாக வாக்களித்திருந்த ஆதென்ஸோ வரவேயில்லை.